அம்மா வைத்த தண்ணீர்ப் பானை

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, தாத்தாவின் ஊரான வேப்பம்பட்டுக்கு வந்து ரயிலடிச் சாலையோரம் குடிசை போட்டிருக்கிறோம். அம்மா ரங்கூனிலேயே பிறந்தவள். அங்கே வழிப்போக்கர்களுக்காக வீட்டுக்கு வீடு வாசலில் தண்ணீர்ப் பானை இருக்கும். இங்கும் வைத்தாள்.

காலையில் நிரப்புகிறாள். யாரும் தொடுவதில்லை. சாயங்காலம் முருங்கைக்கு ஊற்றுகிறாள்.

இன்று மத்தியானம் ரயிலிலிருந்து இறங்கி நடந்து வந்த ஒருவர் பானையைப் பார்த்து நின்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தானே குவளையில் மொண்டு கொடுத்தாள்.

வாய்க்கருகே கொண்டுபோனவர், "இன்னாம்மா, ஊருக்குப் புதுசா?" என்றார்.

"ரங்கூன்லேர்ந்து வந்துகீறோம் அண்ணாத்தே. ஆனா பூர்வீகம் இந்த ஊருதான்!" அம்மாவின் குரலில் அப்படி ஒரு பெருமை.

"இங்க எந்தப் பக்கம்?"

ஏரிக்கு அப்பால் தெரிந்த சேரியைக் காட்டினாள். "அதோ, அங்கதான் எங்கப்பா பொறந்தாரு."

அவர் குவளையை மெதுவாகத் தரையில் கவிழ்த்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா, தாகம் அடங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அம்மா பதறிப்போய் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "தண்ணி நல்லாத்தானேடி கீது?"

கடைக்காரர் வெல்லத்தைக் கையில் கொடுக்காமல் தள்ளி வைத்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ரங்கூனிலும் எங்களை அந்நியர்கள் என்றுதான் சொன்னார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்கள்.

நாளைக்கும் பானை வைப்பாளாம். நண்பர்களே, இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் தாகத்தோடு வாருங்கள்.