மாரிக்குப்பத்தைவிட துபாய் பக்கம்

கிர்ர் என்று ஒரு சின்னச் சத்தம். விமானம் துபாயில் தரை தொட்டதும் பக்கத்து இருக்கைக்காரர் தன் கைக்கடிகாரத்தின் குமிழைத் திருகி, முள்ளை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினார். பெங்களூரில் வாழ்ந்து முடித்த ஒன்றரை மணி இங்கே மறுபடியும் கைக்கு வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தா ஞாபகம்.

எங்கள் வீட்டில் தூரத்தை அளக்க ஒரே கோல்தான்: மாரிக்குப்பம் ரயில். தங்கச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த தாத்தா, கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதில்தான் வருவார். ஆடி அசைந்து மூன்று மணி நேரம். அதற்குள் போய்ச் சேர முடிந்தால் அந்த ஊர் பக்கம். அதைத் தாண்டினால் சீமை.

கல்யாணமான கையோடு துபாய்க்குத் திரும்பிய சித்தப்பா, சித்திக்கு டிக்கெட் அனுப்பியிருந்தார். வழியனுப்ப வந்த தாத்தா, வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இட்லி ஆறியது. சித்தி பெட்டியைக் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள்.

"அப்பா வாயால போயிட்டு வான்னு சொல்லாம நான் ஏற மாட்டேன்க்கா" என்று அம்மாவிடம் மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு அப்போது கழித்தல் கணக்கு புதிது. எதைப் பார்த்தாலும் கழிப்பேன். டிக்கெட்டையும் விடவில்லை. புறப்படுவது பத்து, சேருவது பன்னிரண்டரை. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அதில் போடுவார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

"தாத்தா, ரெண்டரை மணி நேரந்தான். உன் ட்ரெய்ன விட துபாய் பக்கம்."

தாத்தா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "சரியா பாத்தியா? இன்னொருக்கா கழி."

கழித்தேன். அதேதான் வந்தது. அம்மா வாயைத் திறந்தாள். சித்தி அவள் காலை மிதித்தாள்.

"ஆமாம்ப்பா, கிட்டக்கதான்."

அப்புறம் அந்த வீட்டைப் பிடிக்க முடியவில்லை. தாத்தா சட்னியைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். கையைக் கழுவாமலே வாசலுக்குப் போய் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "நம்ம வண்டி பங்காருப்பேட்டையில எஞ்சின் மாத்தறதுக்குள்ள என் பொண்ணு பாதிக் கடல் தாண்டிடுவா சாமி." அவர் "ஹௌதா?" என்று கன்னடத்தில் வியக்க, இரண்டு பேரும் சேர்ந்து ரயிலைத் திட்டினார்கள். சித்தியின் பெட்டி ஒரே அழுத்தில் பூட்டிக்கொண்டது.

விமான நிலைய வாசலில் தாத்தா அவள் தலையில் கை வைத்தார். "போயிட்டு வா. ஞாயித்துக்கெழம கறிச்சோத்துக்கு வந்துடு." சித்தி அழுதுகொண்டே சிரித்தாள். நாங்கள் வெறுமனே சிரித்தோம்.

கழிக்க இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று நான் மறுபடி டிக்கெட்டை வாங்கிப் புரட்டினேன். அடுத்த தாளில் திரும்பி வரும் நேரம். ஐந்தரை மணி நேரம் வந்தது. அதே வானம், அதே கடல். போகும்போது இல்லாத தூரம் வரும்போது மட்டும் எங்கிருந்து முளைத்தது? எனக்குப் புரியவில்லை. விரல்விட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.

சித்தி குனிந்து, என் கையிலிருந்து டிக்கெட்டை மெல்ல உருவிக்கொண்டு, காதோடு சொன்னாள்.

"இந்தக் கணக்க தாத்தாகிட்ட சொல்லிடாத கண்ணு. நானே வந்து சொல்லிக்கறேன்."