பசுவுக்காக மூடிய சேம்பர்

குளுக்.

எந்த ஊர் லாட்ஜிலும், யார் வீட்டுக் குளியலறையிலும் இந்தச் சத்தம் கேட்டால் போதும், சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிடுவேன். தரை மூலையில் இருக்கும் சல்லடை மூடிக்குள்ளிருந்து காற்று ஒரு மிடறு மேலே வந்து உடைகிற சத்தம். கீழே எங்கேயோ தண்ணீர் வழியில்லாமல் நிற்கிறது. அடுத்த வாளியை ஊற்றினால் அது திரும்பி நம் காலுக்கே வரும்.

பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தினோம். நடத்தினோம் என்று நான் பன்மையில் சொல்வது அவ்வளவு சரியில்லை. நடத்தினவள் என் மனைவி. நான் மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் எழுத்தர். சனிக்கிழமை சாயங்காலம் குலுங்கிக் குலுங்கி இறங்கி வருவேன், திங்கட்கிழமை காலையில் குலுங்கிக் குலுங்கி ஏறிப் போவேன். மேலே எனக்கு இந்தக் கவலையே கிடையாது. பெய்கிற மழையும் கழுவுகிற தண்ணீரும் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் பின்பக்கச் சரிவில் யாரையும் கேட்காமல் ஓடிப் போய்விடும். மலை முழுக்க வாட்டம். வாட்டம் என்று கொத்தனார்கள் சொல்வது சரிவைத்தான். பத்தடிக்கு இரண்டு விரல் சரிவு இருந்தால் கழிவு தானாகப் போகும் என்பார்கள். அந்த இரண்டு விரல்தான் என் வீட்டில் இல்லை.

வீடு கட்டியது தொண்ணூற்றாறில், சின்னமனூரில். நெல்வயலாக இருந்து மனையாகிப்போன இடம். ஆனியில் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் தரைக்கு அடியிலும் ஊற்று ஏறும். செப்டிக் டேங்க் தன் தண்ணீரை மண்ணுக்குக் கொடுக்க முடியாமல் திணறும். அதையாவது தாங்கியிருக்கலாம். என் அண்ணன் மனையடி சாஸ்திரப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, டேங்க் வடமேற்கில் வாயு மூலையில்தான் வரணும், வேறு பேச்சே இல்லை என்றுவிட்டார். குளியலறையோ தெற்குக் கோடியில். இரண்டுக்கும் நடுவே வீட்டுக்கு அடியிலேயே ஐம்பதடிக் குழாய், பாதியில் ஒரு திருப்பம். வாட்டம் பத்தாது என்று கொத்தனார் முனகினார். முனகிக்கொண்டே அந்தத் திருப்பத்தில் ஒரு சேம்பர் கட்டினார். சேம்பர் என்றால் குழாயும் குழாயும் சந்திக்கிற சின்னச் செங்கல் தொட்டி, மேலே இரும்பு வளையம் வைத்த சிமெண்டு மூடி. அடைத்துக்கொண்டால் திறந்து பார்க்கலாம். அது வந்து உட்கார்ந்த இடம் வீட்டின் நடை. வாசலிலிருந்து சாமி அறைக்குப் போகிற வழி.

கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணன் அந்த மூடியைப் பார்த்தார்.

"ஏலே, பசு உள்ள வரும்ல? லெச்சுமி இது மேலயாடா கால வைக்கும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அது தப்பாகத்தான் பட்டது. அன்று மதியமே மூடியை எடுத்துவிட்டு இரண்டு கடப்பாக்கல்லைப் போட்டு மூடினோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்தில் கலவை ஒழுகாமல் இருக்க ஒரு சிமெண்டுச் சாக்கைக் கிழித்து அடைத்தேன். அடைத்தது என் கை. மேலே கலவை, அதன் மேலே சிவப்பு ஆக்சைடு. கொத்தனார் மட்டும், ஒரு அடையாளமாவது வைங்க என்று சொல்லிப் பார்த்தார். வைக்கவில்லை. என் மனைவி அந்த வாரம் முழுக்கச் சீர் சாமான் வாங்குவதற்காகக் கம்பத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வந்து பார்த்தபோது நடை கண்ணாடி மாதிரி இருந்தது. பசு வந்தது, கன்றோடு. சரியாக அந்த இடத்தில் நின்று சாணி போட்டது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று வந்தவர்கள் எல்லாரும் பூரித்துப் போனார்கள்.

இரண்டாம் வருட ஆனியில் முதல் குளுக்.

முதலில் ஒருவர் மூங்கில் பத்தையோடு வந்தார். குளியலறை வழியாக விட்டுக் குத்தினார். ஏதோ இளகியது, தண்ணீர் இறங்கியது, போய்விட்டார். மறு வருடம் ஒருவர் ஆசிட்டோடு வந்தார். ஆறு மாதம் கேரண்டி என்று ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது மாதமே மறுபடி பொங்கியது. ஆளைக் கூப்பிட்டால், நான் எடுத்த அடைப்புக்குத்தான் கேரண்டி, இது வேற அடைப்பு என்றார். அடைப்பில் பழசு புதுசு உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மலையிலிருந்து நான் போன் செய்யும்போதெல்லாம் அவள் குரலுக்குப் பின்னால் விளக்குமாறு தேய்கிற சத்தம் கேட்கும்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். நான் அவளைக் குற்றம் சொன்னேன். நீ கஞ்சியை உள்ளே ஊத்துற, அது குழாய்க்குள்ள போய்ப் பசையாப் பிடிச்சிருது என்றேன். முடியைக் கண்ட இடத்தில் விடுற என்றேன். அவள் அதற்குப் பிறகு வடித்த கஞ்சியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க, தெருக்கோடியில் மாடு வைத்திருந்த வீட்டுத் தொட்டி வரைக்கும் நடந்தாள். தினமும். தலை வாரும்போது உதிர்கிற முடியை விரலில் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கி ஜன்னல் இடுக்கில் சொருகி வைப்பாள், குப்பைக்காரர் வருகிற நாள் வரை. வீட்டு ஜன்னல்களில் சின்னச் சின்னக் கறுப்பு உருண்டைகள். வருடங்கள் போகப் போக அவற்றில் நரை.

சேம்பர் ஞாபகம் இல்லையா என்றால், முதல் சில வருடம் நன்றாகவே இருந்தது. தரையை உடைக்கணும், அண்ணனுக்குப் பதில் சொல்லணும், இவளுக்கும் சொல்லணும். அடுத்த வாரம், அடுத்த வாரம். பிறகு அதைச் சொல்வதைவிட, இவ்வளவு நாள் சொல்லாததைச் சொல்வது பெரிய வேலையாகிவிட்டது. சனிக்கிழமை இறங்கி வரும்போதே உடம்பு முறிந்துபோயிருக்கும். அலுப்பு எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல மறைப்பு.

இரண்டாயிரத்தெட்டில் மகள் முழுகாமல் இருந்தாள். கட்டிக் கொடுத்தது ஆண்டிபட்டியில். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் பேச்சுக்கே இடமில்லாத வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுக் கையோடு அழைத்து வருவார்கள். அதற்கு முன்னால் சம்பந்தியம்மா பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கை கழுவப் போனவர் காலடியில் பொங்கிவிட்டது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வெளியே வந்தார். இரண்டு நாள் கழித்துப் போனில்தான் சொன்னார். பிள்ளத்தாச்சி வழுக்கி விழுந்திட்டா என்ன பண்றது, பிரசவத்த இங்கனயே பாத்துக்கிடுறோம் என்று. மரியாதையாகத்தான் சொன்னார். என் மனைவி போனை வைத்துவிட்டு, "நான் வீடு வச்சிருக்கிற லெச்சணம் அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வளைகாப்புக்கு எட்டு நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டு வெள்ளிக்கிழமையே இறங்கினேன். தேனியிலிருந்து ஒருவர் சுருள் கம்பி சுற்றின மிஷினை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். குமுளிப் பக்கம் ஓட்டல்களில் பல காலம் இந்த வேலை செய்தவர், பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும். மிஷினை இறக்குவதற்கு முன்னால் ஒரு அச்சடித்த தாளை எடுத்து நீட்டினார். கேரண்டி வேணும்னா முதல்ல இதப் படிங்க, படிக்காம ஒருத்தரும் எங்கிட்டச் சண்டைக்கு வரக்கூடாது.

என் மனைவிதான் வாங்கி உரக்கப் படித்தாள். ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் அடைத்தால் காசில்லாமல் வந்து எடுத்துத் தருவார். குழாய் உடைந்திருந்தாலோ, மரவேர் உள்ளே புகுந்திருந்தாலோ, டேங்க் நிரம்பியிருந்தாலோ அவர் பொறுப்பில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை டேங்குக்குள் இறக்க மாட்டார். கடைசியாக, எல்லா சேம்பரையும் வீட்டுக்காரர் திறந்து காட்டவேண்டும், காட்டாத சேம்பருக்கு கேரண்டி கிடையாது.

"இங்கன எத்தன சேம்பர், ஆத்தா?"

"பின்னால டேங்குகிட்ட ஒண்ணு இருக்கு அண்ணே. அம்புட்டுத்தான்."

அவர் கம்பியை விட்டார். தண்ணீர் ஊற்றச் சொன்னார். மதி மதி என்று நிறுத்தச் சொன்னார். கம்பி எங்கேயோ மோதி நின்று நின்று திரும்பி வந்தது. வெளியே எடுத்து நீளத்தைக் காலடியால் அளந்தார். குளியலறையிலிருந்து அடி வைத்து வைத்து நடைக்கு வந்து, சிவப்புத் தரையில் நின்றார். இங்கன ஒரு திருப்பம் இருக்கு, சேம்பர் வைக்காம எந்தக் கொத்தனாரும் போயிருக்க மாட்டான் என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சார், கேரண்டிங்கிறது எனக்கும் குழாய்க்கும் உள்ளதில்ல. எனக்கும் உங்களுக்கும் உள்ளது. நீங்க ஒண்ண மறைச்சா நான் எப்படிப் பொறுப்பேத்துக்கிட?"

வெளியே யாரோ பால் கறந்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன். அண்ணன், பசு, கடப்பாக்கல், சாக்கு. நாலு வரியில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கே அசதியாக இருந்தது. அவள் அந்தத் தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் சிரிக்கவில்லை. பசு வந்து நின்னுச்சா என்று மட்டும் கேட்டார். சாணி போட்டது என்றேன். "அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார்.

தரையை உடைத்துக் கல்லை நெம்பித் தூக்கியபோது வந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. உள்ளே கஞ்சிப் பசை இல்லை. முடி இல்லை. நான் சொருகின சாக்கு இற்றுக் கீழே விழுந்து, திருப்பத்தின் வாயில் மெத்தை மாதிரி படுத்திருந்தது. கூடவே நாங்கள் சிந்தின கலவைக் கட்டிகள். குத்தினால் ஓட்டை விழும், தண்ணீர் போகும், மறுபடி மூடிக்கொள்ளும். இது கம்பிக்கு வராது, கையாலதான் எடுக்கணும் என்று அவர் உறையை மாட்டப் போனார். நான் எடுக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உறையை என்னிடம் கொடுத்தார். நீங்க எடுத்தா அதுக்கு கேரண்டி இல்ல சார் என்றார். அப்போதுதான் அவள் சிரித்தாள். லேசாக, மூக்கு வழியாக. தோள் வரை கையை விட்டு நான் சாக்கை நார் நாராக இழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவள் அவருக்குக் காப்பி போட்டு, எங்கள் வீட்டுச் சில்வர் டம்ளரிலேயே கொண்டுவந்து வைத்தாள். முன்பு வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் கடையில் வாங்கித்தான் கொடுத்திருந்தோம்.

அவர் வாயு மூலை வரைக்கும் கம்பியை ஓட்டி, தாளில் ஒரு வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாட்டம் பத்தாதுதான், வாரம் ஒரு தடவ நாலு வாளித் தண்ணிய வேகமா விடுங்க, மூடியப் போடுங்க, மேல எதையும் பூசாதீங்க என்றார். தாளை அவளிடம்தான் கொடுத்தார்.

மறுநாள் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். சம்பந்தியம்மாவிடம் நீங்களே சொல்லணும். அடைப்பு எடுத்தாச்சுன்னு இல்ல. யாரால அடைச்சதுன்னு.

ஆண்டிபட்டியில் வளைகாப்பு அன்று, பந்தி முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கஞ்சி மேல் பழி போட்டதையும் சேர்த்து. வெயில், வேட்டி நனையும் அளவுக்கு வேர்வை. சம்பந்தியம்மா பசு வந்த இடத்தில் சிரித்தார். சாக்கு வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா மதினி கஞ்சியத் தூக்கிக்கிட்டா நடந்தாக?"

அவர் எழுந்து போய் மகளின் பையை எடுத்துவந்து எங்கள் வண்டியில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை. வெளிச்சம் வந்துவிட்டது. மகள் உள்ளறையில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். குளியலறையில் நாலு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றி, சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். தண்ணீர் போய்விட்டது. மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைக்கு வந்தேன். சிவப்புத் தரைக்கு நடுவே புது மூடி, சாம்பல் நிறத்தில், இரும்பு வளையத்தோடு. பழக்கமோ பயமோ, காலை அகட்டி அதைத் தாண்டினேன். அவள் அடுப்படி வாசலில், வடிக்கிற சட்டியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாள் தூங்காத முகம்.

"எதுக்குத் தாண்டிப் போறீக? மிதிச்சே போங்க."