தேன்கூட்டுப் பாறையடியில்

காலை ஏழே முக்கால். ஜவ்வாது மலையின் ஒற்றையடிப் பாதையில் முதலில் கண்ணில் படுவது, எனக்கு முன்னால் ஏறும் பெண்களின் தலையில் இருக்கும் மல்லிகைச் சரம். எல்லோரும் ஆம்பூரில் ஷூ தைப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை, காட்டுப் பூக்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இருபுறமும் வெப்பாலை வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

ஒரு பெரிய பாறையின் கீழே, வழிகாட்டும் மலைக்காரப் பெண் மங்கை எங்களை நிறுத்துகிறாள்.

"மேல தேன்கூடு இருக்குது. வாசம் பட்டா தேனீ கொட்டும். பூவ எடுத்துடுங்கக்கா."

எல்லோரும் எடுக்கிறார்கள். செல்வி மட்டும் சரத்தைக் கையால் பொத்திக்கொள்கிறாள்.

"இன்னாடி, உன் பூவுக்கு மட்டும் தேனீ லீவா?" என்கிறாள் தோழி ரீட்டா.

"எங்க வூட்டுக்காரரு செத்ததுக்கப்புறம் இன்னிக்குத்தான் வச்சேன். எங்க தெருவுல வச்சா பேசுவாங்க. நான் இங்கியே உக்காந்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க."

மங்கை சரிவில் இறங்கி, புரச மரத்திலிருந்து ஒரு கொத்துச் சிவப்புப் பூவைப் பறித்து வருகிறாள்.

"இதுக்கு வாசமே இல்லக்கா. வச்சிக்குனு வாங்க."

செல்வி மல்லிகையைக் கழற்றுகிறாள். ரீட்டா தன் ஹேர்பின்னை உருவி, சிவப்புக் கொத்தை அவள் கொண்டையில் குத்திவிடுகிறாள்.

மாலையில் வேன் செல்வியின் தெருமுனையில் நிற்கிறது. பூவை எடுக்காமலே இறங்கி நடக்கிறாள்.