போறதும் வர்றதும்

துணியில் கத்தரி வைக்குமுன் ஜிக்போடி அதன் மேல் ஒரு விரலை ஓட்டுவாள். துணியில் அச்சடித்த படத்தின் தலை எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான். அனேஹோவில் தையல் கடை போட்டு இருபது வருஷம். மீனோ விசிறியோ, அவள் கையில் எந்தப் படமும் தலைகீழாய் நின்றதில்லை. வாடிக்கைக்காரிகள் பேசுவார்கள். அவள் கேட்டுக்கொண்டே மெஷினை மிதிப்பாள்.

புகைமீன் விற்கும் அமேயோ ஆறு கெஜத்தோடு வந்தாள். நீலத் துணி முழுக்க மஞ்சள் குருவிகள், மேலே பறப்பவை.

"சனிக்கிழமை பேரனுக்குப் பேர் வைக்கிறோம். லோமேயிலேர்ந்து சம்பந்தி வர்றா. நான் திரும்பி நடந்தா அவ கண்ணு என் முதுகை விட்டு நகரக் கூடாது."

பிறகு சம்பந்தி மூக்கை உறிஞ்சிப் பேசுவதை அப்படியே நடித்துக் காட்டினாள். ஜிக்போடி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே துணியைத் தோள் வரும் இடத்தில் மடித்து, முன்னும் பின்னும் ஒரே துண்டாக வெட்டிவிட்டாள். விரல் ஓட்டவில்லை.

தைத்து மாட்டியபோதுதான் தெரிந்தது. முன்பக்கம் குருவிகள் ஏறின. முதுகில் தலைகுப்புற இறங்கின. தோளில் வெட்டி, முதுகுத் துண்டைத் திருப்பி மூட்டியிருக்க வேண்டும். சந்தைக்கு ஓடிக் கேட்டாள். அந்தத் துணி தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவளே அங்கியை எடுத்துப் போனாள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். முதுகைப் பாருங்க."

அமேயோ போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரர் லாரிய எடுத்துக்கிட்டு வடக்க போனா, அப்படியே போயிடுறாரா?"

"இல்லக்கா. வருவார்."

"அப்புறம் என்னடி ஊமைக்கோட்டான் மாதிரி முழிக்கிறே? முன்னால போறார், பின்னால வர்றார். வா, சாப்பிட்டுத்தான் போகணும்."

பந்தியில் சம்பந்தி மூக்கை உறிஞ்சினாள். "இந்தத் துணிக்குப் பேர் என்ன?" பேரில்லாத துணியை அங்கே யாரும் மதிப்பதில்லை.

"போறதும் வர்றதும்" என்றாள் அமேயோ.

"முதுகுல தலைகீழா இருக்கே."

"வர்றவன் போறவன் மாதிரியே பறப்பானா?"

சம்பந்தி ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். "தைச்சது யாரு?"

ஜிக்போடி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்தத் துணி இப்போது மறுபடி சந்தைக்கு வருகிறது. அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஜிக்போடி இதுவரை அதேமாதிரி இன்னும் பதினோரு அங்கி தைத்திருக்கிறாள், முதலாவது லோமே சம்பந்திக்கு. மற்ற துணிகளுக்கு இன்றும் விரலை ஓட்டுகிறாள்.