சந்துக் குழாய்க்கு ஒரு மன்றாட்டு

எங்கள் பங்குக் கோயில் பூசையில் ஞாயிறுக்கு ஒரு அன்பியம் மன்றாட்டு, அதாவது எல்லாருக்குமான வேண்டுதல், எழுதிப் படிக்க வேண்டும். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு. சூரமங்கலத்தில் எங்கள் குழுவுக்கு நான் தலைவர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது வரை படித்தவன். ரயில் ஜங்ஷனில் பார்சல் ஏற்றி இறக்குகிறேன்.

எங்கள் முறை திருவிழா ஞாயிறன்று வந்தது. அன்றைய வாசகத்தைச் சாமியார் முன்னமே கொடுத்திருந்தார். பழைய ஏற்பாடு. ஒரு அரசனை இறைவாக்கினர் திட்டுகிறார். நீ மாடி வைத்து அரண்மனை கட்டுகிறாய், வேலை செய்தவனுக்குக் கூலி இல்லை. உன் அப்பன் ஏழையின் வழக்கைக் கேட்டு நியாயம் செய்தான், கடவுளை அறிவது என்றால் அதுதானே என்கிறார். நாலு தடவை படித்தேன். எங்கள் சந்துதான் ஞாபகம் வந்தது.

ரோடு போட்டபோது சந்துக் குழாயைப் பிடுங்கினார்கள். திரும்ப வைக்கவில்லை. பன்னிரண்டு வீடும் மெயின் ரோட்டில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். கடைசி வீட்டு அம்மா விதவை. ஒரு கால் சரியில்லை. குடத்தோடு நின்று நின்று போவார்.

அதை எழுதினேன். கால் முடியாத விதவைத் தாய் ஒருவர் எங்கள் சந்தில் தண்ணீருக்குக் கஷ்டப்படுகிறார், ஆள்பவர்கள் அவர் குரலைக் கேட்க வேண்டும் என்று. பேர் எழுதவில்லை.

பூசைக்குக் கவுன்சிலர் வந்திருந்தார். கிறிஸ்தவர் இல்லை. திருவிழாவுக்கு வருவார், சால்வை போடுவோம். முன் வரிசையில் இருந்தார். நான் படித்ததும் எல்லாரும் கேட்டருளும் என்றார்கள். அவரும் கைகூப்பிச் சொன்னார். அவரை நினைத்து நான் எழுதவில்லை. அவர் வருவதே மறந்துபோயிருந்தது. சொன்னால் யாரும் நம்பவில்லை.

புதன்கிழமை குழாய் வந்தது. அந்த அம்மா வாசலில் ஒன்று. சந்துக்கு இல்லை. கவுன்சிலர் திறந்துவிட்டு, அந்த அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊட்டுக்காரன் செத்தாத்தான் நமக்குங் கொழா வருமாட்ட இருக்குது" என்றாள் ஒருத்தி. அவள் புருசனும் சிரித்தான்.

அந்த அம்மா சந்தோசப்படுவார் என்று போனேன்.

"ஏனுங்கண்ணா, ஏழைக்கு ராசா நியாயம் பண்ணோணும்னுதான வேதத்துல இருக்குது? என் கால் முடியாதத எல்லார்த்துக்கும் படிச்சுக் காட்டோணும்னு இருக்குதுங்களா?"

அதையே கொண்டுபோய்ச் சாமியாரிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் ஏழைகள் தாங்களே அரசன் முன் போய் நின்று முறையிட்டார்கள் என்றார். நான் செய்தது தப்பா என்றேன். தண்ணீர் வந்ததே என்றார். அது பதிலா இல்லையா தெரியவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். காலையில் அந்த அம்மா பஸ் ஸ்டாப்பில் நின்றார். கையில் காகிதம்.

குழாய்தான் வந்துவிட்டதே என்றேன்.

"அது நீங்க கேட்டதுங்க. நான் கேக்கறது பன்னண்டு ஊட்டுக்கும். மூணு வாட்டி குடுத்தாச்சு. இது நாலாவது."

ஒரே சந்து. எனக்குத் தெரியாது. அவர் குரலைக் கேட்கச் சொல்லி ஆள்பவர்களுக்காக மன்றாடியவன், நான் ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை.

கூட வரட்டுமா என்றேன்.

"கால் நல்லாத்தான் இருக்குதுங்க" என்று பஸ் ஏறினார்.

வாசகத்தில் அரசனுக்குச் சொல்லியிருக்கிறது. ஏழைக்கும் அரசனுக்கும் நடுவில் புகுந்தவன் என்ன செய்ய வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.