கழிவு போக

மருத்துவமனை அறையில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவள் தங்கை இருந்தாள், மடியில் பள்ளிக்கூடப் புத்தகம். கண்ணாடித் தொட்டிலில் எங்கள் பிள்ளை. நிறுக்கிற நர்ஸ் இன்னும் வரவில்லை.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கிலோ வந்தால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். போன முறை ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது கிராம். அன்றைக்கு மறுபடி நிறுக்கிற நாள். நானும் மச்சினியும் தெமோதரையில் முதல் பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்திருந்தோம். பிள்ளையைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு சால்வையும் எடுத்து வந்திருந்தேன்.

எனக்கு வேலை கொழுந்து மடுவத்தில். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொட்டகை அது. பெண்கள் கொண்டுவரும் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவேன். முள் நின்றதும் சத்தமாகச் சொல்வேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போட்டுத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். எங்கள் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ இருந்தால் முழுப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர்.

வாசித்துக்கொண்டிருந்த மச்சினி தலையைத் தூக்கினாள்.

“மச்சான், நெலாவுல ஆறுல ஒரு பங்குதான் எடை காட்டுமாம். பதினெட்டுக் கிலோ கொழுந்து அங்க மூணு கிலோ.”

“அப்ப அரைப் பேருகூட கெடைக்காது,” என்றாள் என் மனைவி. அவள் கொழுந்து பறிக்கிறவள்.

“நீ வியாழன் கிரகத்துக்குப் போக்கா. அங்க ரெண்டரை மடங்கு. எட்டுக் கிலோ பறிச்சாலே இருபது காட்டும்.”

“நானும் ரெண்டரை மடங்கு கனப்பேனே? மலை ஏற ஒன் மச்சானா தூக்குவாரு?”

“அங்க மலையே இல்லக்கா. நிக்கத் தரைகூட இல்ல. எல்லாம் காத்துதான்.”

“தரை இல்லாம லயத்து வீட்ட எங்கடி கட்டுவாங்க?”

அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “நம்ம புள்ள நெலாவுல எவ்வளவு வரும்?” என்று கேட்டுவிட்டேன்.

மச்சினி விரல் மடக்கிப் பார்த்தாள். “முன்னூத்தி இருபது கிராம்.”

பேக்கரியில் வாங்கும் ஒரு இறாத்தல் பாண்கூட அதைவிடக் கனம். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எடைதான் கொறையும்க்கா. புள்ள கொறைய மாட்டா. பூமி பலமா இழுக்குது, நெலா மெதுவா இழுக்குது. கை காலு எல்லாம் அப்பிடியேதான் இருக்கும்.”

“போதும்டி, வாய மூடு.”

எனக்கு அது மனதில் நின்றது. இத்தனை வருஷம் நான் கத்திச் சொன்னது பூமி இழுக்கிற இழுப்பைத்தான். நிலாவில் ஒரு மடுவம் இருந்தால் முள் மூன்றில் நிற்கும். பறித்த இலையில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. சுமந்து வருகிற முதுகுக்குச் சுகம்.

நர்ஸ் வந்தார். பிள்ளையின் துணி எல்லாவற்றையும் எடுத்தார். தராசில் முள் இல்லை, சிவப்பு எண் எரிந்தது. தட்டில் வைத்ததும் பிள்ளை உதைத்தாள். எண் ஏறி இறங்கியது. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எண் நின்றது. நர்ஸ் வாசித்தார்.

கேட்டதும் மனசு தானாகக் கழித்தது. இரண்டுக்குக் கீழே போய்விட்டது.

“கழிவு போக எவ்வளவு, மிஸ்?”

“என்ன கழிவு?”

“சாக்குக்கு... ஈரத்துக்கு...”

“ஐயோ மச்சான், இது மடுவம் இல்ல!” மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸும் சிரித்துவிட்டார். “புள்ளைக்கு யாருங்க கழிவு போடுவாங்க? ஒரு துணிகூட இல்லையே. தட்டுல இருக்கிறது முழுக்கப் புள்ளதான்.”

“இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்,” என்றாள் மனைவி. சால்வையை விரித்துவிட்டாள்.

நர்ஸ் சொன்னார்.

இரண்டு கிலோ பத்து கிராம்.