டெல்மரின் வலது கால்

குளிருக்குப் பயந்து அரிசோனா பாலைவனத்து முகாமுக்கு வந்து சேரும் பெரிசுகளுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. யாராவது புதிதாக வந்து வீட்டு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தப் போகிறார்கள் என்றால் போதும், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டுவது புருஷன், பின்னால் நின்று கையை ஆட்டுவது பெண்டாட்டி. "இடது பக்கம்னா எந்த இடது பக்கம்?" என்று அவர் கத்துவார். "ஊர்ல எல்லாருக்கும் இருக்கிற இடது பக்கம்தான்!" என்று அவள் கத்துவாள். காசு கொடுக்காமல் பார்க்கிற கூத்து அது.

டெல்மர் அந்தக் கூத்துக்கு இடம் கொடுத்ததே இல்லை. கட்டிலும் அடுப்பும் குளியலறையுமாக ஒரு வீட்டையே சுமந்து நிற்கும் நாற்பதடி டீசல் வண்டியை, ஊசியில் நூல் கோப்பதுபோல ஒரே தடவையில் நுழைத்து நிறுத்துவார். வடக்கு டகோட்டாவில் ஆயுசில் பாதியைப் பள்ளிப் பேருந்து ஓட்டியே கழித்தவர். கண்ணாடிபோல் உறைந்த சாலையில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய பெருமை அவருக்குக் கொஞ்சம் தலைக்கேறியே இருந்தது.

"எனக்கு மூணு கண்ணு. மூணாவது வலது பாதத்துல இருக்கு" என்பார்.

"அப்ப மூக்குக் கண்ணாடிய ஷூவுக்குள்ள மாட்டிக்கோ" என்பாள் மனைவி லவோன்.

பீற்றலாக இருந்தாலும் விஷயம் இல்லாமல் இல்லை. வீட்டு வண்டிகளில் பிரேக் மிதி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பெட்ரோல் வண்டியில் மிதி கொஞ்ச தூரம் சும்மா இறங்கி அப்புறம்தான் பிடிக்கும். கார் ஓட்டிப் பழகியவனுக்கு அந்தக் கொஞ்ச தூரத்தில் உயிர் போய் உயிர் வரும். காற்று பிரேக் வைத்த டீசல் வண்டியிலோ மிதி விறைத்துக்கொண்டு நிற்கும். அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அலமாரியில் இருக்கும் தட்டெல்லாம் டிரைவர் மடிக்கு வந்துவிடும். எந்த வண்டிக்கு எது இயல்பு, எது நோய் என்று மிதித்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் அந்த முகாமில் டெல்மர் ஒருவர்தான். அங்கே பழைய வண்டி கைமாறுவதாக இருந்தால், முதலில் டெல்மர் ஏறி மிதிக்க வேண்டும். அவர் தலையாட்டினால் விலை பேசுவார்கள், உதட்டைப் பிதுக்கினால் எழுந்து போய்விடுவார்கள். அது பல வருஷத்து வழக்கம்.

அந்த வருஷம் ஆர்டிஸ் தன் வண்டியை விற்க வந்தாள். வண்டி அங்கே நின்றுகொண்டிருக்க, போன கோடையில் புருஷன் இறந்துபோனார். அவளுக்கு ஓட்டத் தெரியாது. மின்னசோட்டாவில் மகள் ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டபடி இருந்தாள். அவள் கையில் இருந்த ஒரே சொத்து அந்த வண்டி. அது விற்றால் அவள் கிளம்பிவிடலாம். விற்காவிட்டால், எல்லாரும் வடக்கே போன பிறகு கொளுத்தும் வெயிலில் அதற்குள்ளேயே கிடக்க வேண்டும். வாங்க வந்தவர் அதே முகாமில் தங்கியிருந்த டெக்சாஸ்காரர் ராய்ஸ். வண்டி பிடித்துவிட்டது.

"அண்ணே, நீங்க ஒரு மிதி மிதிச்சுச் சொல்லிட்டீங்கன்னா நான் சாவியை வாங்கிக்கிறேன்" என்றார்.

டெல்மர் ஏறி உட்கார்ந்தார். ஆர்டிஸின் வண்டி பெட்ரோல் வண்டி. அதற்கு ஒரு சோதனை உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, மிதி கல்லாகும்வரை நாலைந்து தடவை அழுத்த வேண்டும். பிறகு காலை எடுக்காமலேயே இன்ஜினைக் கிளப்ப வேண்டும். மிதிக்குத் துணைபலம் கொடுக்கும் பூஸ்டர் நன்றாக இருந்தால், காலுக்கடியில் மிதி மெல்ல ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இறங்கும். டெல்மர் கிளப்பினார். ஒன்றும் இறங்கவில்லை. மறுபடி செய்தார். இன்னொரு தடவையும் செய்தார். காலுக்கடியில் மிதி இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

அப்போது அவருக்கு ஊர் ஆஸ்பத்திரி நினைவு வந்தது. சர்க்கரைக்காகப் போனபோது, நர்ஸ் ஒரு நைலான் நரம்பால் பாதத்தை அங்கங்கே தொட்டு, "தெரியும்போது சொல்லுங்க" என்றாள். கண்ணை மூடச் சொல்லியிருந்தாள். டெல்மர் இமையைக் கொஞ்சம் திறந்து, அவள் தோள் அசையும்போதெல்லாம் "ம்... ம்..." என்று சொல்லித் தேறிவிட்டார். பள்ளிக்கூடத்தில்கூடக் காப்பியடிக்காத மனிதர். லவோனிடமும் அதைச் சொல்லவில்லை.

இப்போதாவது இறங்கி, "வேற யாரையாவது மிதிக்கச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் இறங்கவில்லை. வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பூஸ்டர் போச்சு. மலை இறக்கத்துல இதை நம்ப முடியாது" என்றார் டெல்மர்.

ராய்ஸ் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்டிஸ் ஊருக்குள்ளிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினாள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று அவன் சத்தியம் செய்தான்.

"அவன் பாத்தது கையால. நான் பாத்தது காலால" என்றார் டெல்மர். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டபோது தன் முகத்தைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை. ஒரு கைம்பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டது தெரிந்தும், சொன்ன சொல்லை வாபஸ் வாங்க முடியவில்லை. வாங்கினால் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலைப் பற்றிச் சொன்னால் சாவியைக் கொடுக்க வேண்டும். சாவி போன பிறகு டெல்மர் என்ற ஆள் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். லவோன் உருளைக்கிழங்கு உருண்டைகள் அடுக்கிய ஹாட்டிஷ் செய்திருந்தாள். ஆர்டிஸும் வந்திருந்தாள். டெல்மர் குறுக்கு வழியில் கள்ளிப் புதர்களுக்கிடையே நடந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ராய்ஸ் ஏதோ கேட்க, காற்று பிரேக்கின் மிதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எதிரே இருந்த ஆர்டிஸ் எழுந்து வந்தாள். அவர் வலது கால் கான்வாஸ் செருப்பின் அடியில் சோய்யா என்கிற கள்ளியின் துண்டு ஒன்று உருண்டையாக ஒட்டியிருந்தது. கிட்டப் போனாலே தாவி ஒட்டிக்கொள்ளும் கள்ளி அது. முள் அடியைத் துளைத்து உள்ளே போயிருந்தது. ஓரத்தில் ரத்தம் ஊறிச் சிவந்திருந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பது தலை வாருவதற்கல்ல, இதற்குத்தான். ஆர்டிஸ் மண்டியிட்டு, சீப்பை உள்ளே செருகி, ஒரே நெம்பாக நெம்பினாள். வாட்டசாட்டமான ஆண்பிள்ளைகளே அலறுகிற இடம் அது.

"...அழுத்தும்போது கால்ல ஒரு சின்ன மாத்தம் தெரியும் பாருங்க, அதைப் பிடிக்கிறதுதான் வித்தை" என்று டெல்மர் ராய்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேன், டெல்மர்" என்றாள் ஆர்டிஸ்.

"என்னத்தை?"

ஆர்டிஸ் சீப்பைத் தூக்கிக் காட்டினாள். முள்ளெல்லாம் ரத்தம். ஹாட்டிஷ் கரண்டியோடு நின்ற லவோன் அப்படியே நின்றாள்.

"இந்தக் காலை வச்சுத்தான் என் வண்டிக்குத் தீர்ப்பு சொன்னியா?" என்றாள் ஆர்டிஸ். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டெல்மருக்குக் காது மடல்வரை சூடேறியது. பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. "தெரியும், ஆர்டிஸ். அன்னிக்கே தெரியும்" என்றார்.

ராய்ஸ் விறுவிறுவென்று ஆர்டிஸின் வண்டியில் ஏறினார். மிதித்தார், இன்ஜினைக் கிளப்பினார், இறங்கி வந்தார். "இறங்குதுங்க. நல்லாவே இறங்குது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் முந்தாநாள் பக்கத்து ஊர் யூமாவுல வேற வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அன்றைக்கு யாரும் டெல்மரைக் கேலி செய்யவில்லை. எதற்கெடுத்தாலும் ஆளை ஓட்டுகிற கூட்டம், அவருக்கு மட்டும் காகிதத் தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தது. அதை அவரால் விழுங்க முடியவில்லை.

ஏப்ரலில் முகாம் காலியாகத் தொடங்கியது. டெல்மரின் வண்டி கிளம்பிய அன்று, இருந்த நாற்காலிகளெல்லாம் வந்துவிட்டன. ஓட்டுநர் இருக்கையில் லவோன். இரண்டு வாரமாக ஒரு பயிற்சிக்காரரோடு பாலைவனத்தைச் சுற்றிச்சுற்றி வந்து பழகியிருந்தாள். வண்டி திரும்ப இடம் போதாமல் கொஞ்சம் பின்னால் வந்தாக வேண்டும். டெல்மர் பின்னால் போய் நின்று கையை ஆட்டினார். ஆயுசில் முதல் தடவை.

"எந்தப் பக்கம்யா சொல்ற?" என்று லவோன் கத்தினாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்டிஸும் ஒரு நாற்காலியில் இருந்தாள். அவளுக்குப் பின்னால், கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டையோடு அவள் வண்டி நின்றது. டெல்மர் அந்தப் பக்கம் பார்க்காமல் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

முகாம் வாசலுக்கு வந்ததும் லவோன் பிரேக் போட்டாள். உள்ளே எங்கோ ஒரு தட்டு உருண்டு விழுந்தது.

"முதல்ல ஒண்ணும் தெரியல, அப்புறம் படக்குன்னு பிடிக்குது. அப்படித்தானே இருக்கணும்?" என்றாள்.

"அப்படித்தான்."

"அப்ப நீ ஏன் காலை அந்த அமுக்கு அமுக்கற? பிரேக்குதான் என்கிட்ட இருக்கே."

டெல்மர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் வெறும் தரையை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவள் சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை.